யாக்கோபுக்கு வந்த வண்டிகள்

கானான் நாட்டிலே முதுமையினாலும் துயரினாலும் தளர்ந்துபோய் அமர்ந்திருக்கின்றார் யாக்கோபு. தானியம் வாங்குவதற்காக எகிப்துக்குச் சென்ற பிள்ளைகள் திரும்பி வந்து, இறந்துவிட்டதாக எண்ணியிருந்த யோசேப்பு உயிரோடு இருக்கின்றான் என்று அறிவிக்கின்றனர். முதியவரின் உள்ளம் உறைந்துபோகின்றது. அவரால் நம்ப முடியவில்லை. பிள்ளைகள் நடந்தவற்றை எல்லாம் எடுத்துச் சொல்கின்றனர். இறுதியில், தம்மை ஏற்றிச் செல்வதற்கென்று மகன் அனுப்பிய வண்டிகளைக் கண்ணாற் கண்டபோதே அவருக்குப் புத்துயிர் வந்தது என்று தொடக்க நூலின் 45 ஆம் அதிகாரம் கூறுகின்றது. சாகுமுன் மகனைப் போய்ப் பார்ப்பேன் என்று அந்த முதியவர் எழுந்து புறப்பட்டார்.

அன்புமிக்க வாசகர்களே, எமது இல்லங்களிலும் யாக்கோபுகள் இருக்கின்றனர். விறாந்தையிற் போட்ட சாய்மனைக் கதிரையில், யன்னலோரக் கட்டிலில், செபமாலையைக் கையிற் பிடித்தபடி வீதியைப் பார்த்திருக்கும் எமது அப்பாவும் அம்மாவும், அப்புவும் அம்மம்மாவுமே அவர்கள். கிளினிக்குக்கும் திருப்பலிக்கும் மரண வீட்டுக்கும் தவிர, அவர்களுக்காக ஒரு வாகனம் வாசலில் வந்து நின்று எவ்வளவு காலமாகின்றது? முதிய பெற்றோர் ஒருவரை ஒருநாள் வாகனத்தில் ஏற்றி, ஊர்மனைகளின் ஊடாக, வயலும் கடலும் பனங்கூடலும் பார்க்க அழைத்துச் செல்வதைப் பற்றியே இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன். சிறிய காரியந்தான். ஆயினும் நான்காம் கட்டளையை ஒரு நாள் முழுவதும் கையாலும் காலாலும் கடைப்பிடிக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

நாங்கள் செய்த பிழை

முதலில் எமது குடும்பத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆவணி மாதத்தில், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த சகோதரர்களோடு சேர்ந்து அம்மாவைத் தீவகத்துக்கு அழைத்துச் சென்றோம். அவருக்கு அப்போது எண்பத்தொரு வயது. பெரிய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். பார்க்க வேண்டிய இடங்களைச் சின்னமகன் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். கோட்டை, சாட்டிக் கடற்கரை, புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை, ஊர்காவற்றுறை, கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டை என்று அந்தப் பட்டியல் நீண்டது. பிள்ளைகள் கடலில் குளித்தனர். நிறையப் படங்கள் எடுத்தோம். அம்மா எல்லா இடங்களிலும் வானுக்குள் இருந்தபடி சிரித்துக் கொண்டிருந்தார்.

நண்பகலளவில் அவர் பிறந்து வளர்ந்த ஊரின் வழியாக வான் சென்றது. "தம்பி, உதிலை ஒருக்கா நிப்பாட்டன்" என்றார். நேரமாகின்றது, திரும்பி வரும்போது நிற்போம் என்று நாங்கள் சொன்னோம். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. பிள்ளைகள் உறங்கிவிட்டனர். சாரதி அவசரப்பட்டார். நாங்களும் மறந்துபோனோம்.

இரவு அவருக்குக் குளிசை கொடுக்கும்போது, பயணம் எப்படி என்று கேட்டேன். "எல்லாம் வடிவாய்த்தான் இருந்தது. எங்கட கோயிலடிக்குத்தான் போகேல்லை" என்றார். அந்தக் குரலில் மனக்குறை எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் பேதுருவிடம் கூறியவை அப்போது நினைவுக்கு வந்தன. இளமையில் தானே இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடமெல்லாம் நடந்து திரிந்த பேதுரு, முதுமையில் கைகளை நீட்டும் நிலையை அடைவார் என்றும், வேறொருவர் அவரை அவர் விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார் என்றும் இயேசு சொன்னதாக யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். பேதுரு எவ்வாறு இறப்பார் என்பதைக் குறித்தே ஆண்டவர் அவ்வாறு கூறினார் என்று நற்செய்தியாளரே விளக்கமும் தருகின்றார். ஆயினும் முதுமையின் நிலையை இதைவிடச் சரியாக எவரும் சொன்னதில்லை என்றே எனக்குத் தோன்றியது. அம்மாவின் கையைப் பிடித்து வானில் ஏற்றியவர்கள் நாங்கள். அவர் விரும்பிய இடத்தை விட்டு, நாங்கள் விரும்பிய இடங்களுக்குக் கூட்டிச் சென்றவர்களும் நாங்களே. அந்த "வேறொருவர்" வேறு எவருமல்லர்.

முதலில் கேளுங்கள்

ஆகவே இத்தகைய பயணத்தைத் திட்டமிடுவோர் வாகனத்தையோ சாப்பாட்டையோ பற்றி யோசிப்பதற்கு முன்னர், பெற்றோரின் அருகில் அமர்ந்து, எங்கே போக ஆசை என்று கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டால் போதாது. எமது பெற்றோர் பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பழகியவர்கள். "உங்களுக்கு வசதியான இடத்துக்குப் போவம்" என்பதே முதல் மறுமொழியாக இருக்கும். அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தக் கோயிலில் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்கள், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளினார்கள், முதல் நன்மை வாங்கிய அன்று யார் வீட்டில் பலகாரம் சாப்பிட்டார்கள் என்று கதையோடு கதையாகக் கேளுங்கள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் இப்படிப் பேசினால், போக வேண்டிய இடங்கள் தாமாகவே வெளிவரும். எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரோடு வழிநடந்த ஆண்டவரும், எல்லாம் அறிந்தவராக இருந்தும், என்ன பேசிக்கொண்டு போகின்றீர்கள் என்று கேட்டே தொடங்கினார்.

அவ்வாறு வெளிவரும் இடங்களுள் மூன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். நான்காவது இடம் வேண்டாம். இளையவர்களுக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் பத்து நிமிடத் தூரம். முதியவருக்கோ ஒவ்வோர் இடமும் இறங்குதல், நிமிர்ந்து நிற்றல், நடத்தல், அமர்தல், மீண்டும் ஏறுதல் என்ற ஐந்து வேலைகள். யாக்கோபு இளமைக்குச் சற்றே அப்பாற்பட்ட காலத்திலேயே இந்த உண்மையை அறிந்திருந்தார். அண்ணன் ஏசா தம்மோடு சேர்ந்து பயணம் செய்ய அழைத்தபோது, பிள்ளைகளும் குட்டியீன்ற ஆடுமாடுகளும் நடக்கக்கூடிய அளவுக்கே மெல்ல மெல்ல வருவதாகக் கூறி அவர் பின்தங்கினார். வலுக்குறைந்தவரின் நடையே பயணத்தின் நடையாக இருக்க வேண்டும்.

ஏற்ற காலமும் நேரமும்

யாழ்ப்பாணம், தீவகம், மன்னார்ப் பகுதிகளுக்குத் தை, மாசி மாதங்களே உகந்தவை. மாரிமழை ஓய்ந்து, குளங்களிலும் தரவைகளிலும் நீர் நின்று, வெயில் இன்னும் கடுமையாகாத காலம் அது. வலசை வந்த நீர்ப்பறவைகளைக் கடலேரியின் கரைகளில் காணலாம். பனங்கிழங்கு அவிக்கும் வாசனை ஊர்மனைகளில் எழும் காலமும் அதுவே. வெளிநாட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் ஆடி, ஆவணியில் வெயிலும் சோளகக் காற்றும் கடுமையாக இருக்கும். அந்த மாதங்களிலேதான் போக முடியும் என்றால், காலை ஆறரைக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குள் ஓர் இடத்தில் நிழலுக்குப் போய்விடுங்கள். மதிய வெயிலில் முதியவரை வாகனத்துக்குள் இருத்திவிட்டு நாம் இறங்கிப்போவது எக்காலத்திலும் ஆகாது. மூடிய வாகனத்தின் உட்சூடு சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

நண்பகலில் ஒரு மணிநேரமாவது கால் நீட்டிப் படுப்பதற்கு ஓர் இடம் தேவை. உறவினர் வீடோ தெரிந்தவர் வீடோ இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையேல் அந்த ஊரின் பங்குத்தந்தையுடன் தொலைபேசியிற் பேசுங்கள். ஊரை விட்டுப் போன பழைய பங்கு மகள் ஒருத்தி வருகின்றாள் என்று கேட்டால் மனமகிழாத குருவானவர் அரிது. ஆலயத்தைத் திறந்து வைக்கும்படி கேட்கவும் இதுவே சந்தர்ப்பம். பல ஊர்களில் கிழமை நாட்களில் ஆலயம் பூட்டியிருக்கும்.

வாகனமும் கைப்பொருளும்

ஆடம்பரமான வாகனம் வேண்டியதில்லை. உயரமான வானில் ஏறுவது முழங்கால் நோவுள்ளவருக்குக் கடினம். மிகத் தாழ்ந்த காரில் இருந்து எழும்புவதும் அதேயளவு கடினம். முதல்நாளே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஏறும்போது முதலில் இருக்கையில் அமரச் செய்து, பின்னர் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புவது இலகு. காலடிக்கு ஒரு சிறிய முக்காலி எடுத்துச் சென்றால் பெரும் உதவி. முன்னிருக்கையை அவர்களுக்கே கொடுங்கள். வீதியை முழுதாகப் பார்க்கட்டும். இருக்கைப் பட்டியை மறக்க வேண்டாம். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி நாலடி நடக்கச் செய்யுங்கள். நெடுநேரம் அசையாமல் இருந்தால் கால் வீங்கும். நாளங்களில் இரத்தம் கட்டியாகவும் கூடும். வாகனம் இல்லாதவர்கள் ஏங்க வேண்டாம். அயலூரைச் சுற்றிவர அறிமுகமான ஒருவரின் முச்சக்கரவண்டியே போதும்.

இங்கே ஒரு நுட்பமான காரியத்தைச் சொல்ல வேண்டும். பயண நாளில் முதியவர்கள், சிறப்பாகத் தாய்மார், தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாகமில்லை என்பார்கள். மலசலகூடத்துக்குப் போக வேண்டி வந்தால் பிள்ளைகளுக்குத் தொல்லையாகும் என்ற கூச்சமே உண்மையான காரணம். நீரின்றி வெயிலில் திரிந்தால் தலைசுற்றும், மயக்கம் வரும். ஆகவே எங்கெங்கே நிற்போம், எந்த வீட்டில் இருக்கையுள்ள மலசலகூடம் உண்டு என்பதை முன்னரே விசாரித்து, அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு தகவலே அவர்களுடைய பாதிப் பயத்தைப் போக்கிவிடும். மாற்றுடுப்பு ஒன்றை ஒரு பையில், எவருக்கும் தெரியாமல், எடுத்து வையுங்கள்.

குளிசைகளை ஒரு நாளுக்கு அன்றி இரண்டு நாட்களுக்கு எடுத்துச் செல்லுங்கள். கிளினிக் கொப்பியும் உடன் வரட்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஊசி போட்டபின் உணவைத் தாமதிக்கக் கூடாது. சீனி குறைந்தால் கொடுப்பதற்கு இனிப்பு ஏதேனும் கையில் இருக்க வேண்டும். இன்சுலினை வெயில்படும் இடத்தில் வைக்க வேண்டாம். சலம் போவதற்கான குளிசையை எந்த நேரத்தில் கொடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாமாக நிறுத்தக் கூடாது. அவசரமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். உணவு வீட்டிலிருந்தே போகட்டும். அவித்த இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் வாழைப்பழமும், பழகிய வயிற்றுக்குப் பழகிய உணவு. ஒரு குடை, ஒரு போர்வை, ஊன்றுகோல், வழுக்காத செருப்பு, ஒரு செபமாலை. இவ்வளவுதான்.

பண்ணைக்கு அப்பால்

அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் நாங்கள் அம்மாவோடு மீண்டும் புறப்பட்டோம். இம்முறை கேட்டுவிட்டே புறப்பட்டோம். அவர் மூன்று இடங்களைச் சொன்னார். சாட்டி மாதா கோயில், தம்முடைய ஊர்க் கோயில், அந்த ஊரின் சேமக்காலை. சேமக்காலைக்கு எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு அலுவல் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருடைய பெற்றோரின் கல்லறைகளை எண்ணுகின்றார் என்று நாங்கள் விளங்கிக் கொண்டோம்.

யாழ் நகரில் ஒல்லாந்தர் கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறியவுடன் இரு பக்கமும் ஆழங்குறைந்த கடல் விரிகின்றது. களங்கண்ணிகளின் கம்புகள் நீருக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இடுப்பளவு நீரில் நடந்து வலை பார்ப்போரையும் அங்கே காணலாம். அந்த இடத்திலே அம்மா செபமாலையைத் தொடங்கினார். சாரதியைக் கொஞ்சம் மெதுவாகப் போகும்படி கேட்டுக்கொண்டோம். ஒரு காரணிக்கம் முடிவதற்கும் பாலம் முடிவதற்கும் சரியாக இருந்தது.

பாலத்துக்கு அப்பால் அல்லைப்பிட்டி. அங்கே பிலிப்பு நேரியார் ஆலயத்தைக் கடந்து செல்லும் எந்தக் கத்தோலிக்கரும் ஒரு கணம் மனதால் முழந்தாட்படியிடாமல் போக முடியாது. 2006 ஆம் ஆண்டு ஆவணியில் எறிகணை வீச்சுக்கு அஞ்சி அந்த ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீதே எறிகணைகள் வீழ்ந்து பல உயிர்கள் பறிபோயின. அதே மாதத்தில் அந்தப் பங்கின் குருவானவர் ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். அவர் திரும்பி வரவில்லை. வாகனத்தை நிறுத்தச் சொல்லி, அம்மா நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். எமது ஊர்களின் அழகைப் பார்க்கப் போகும் எவரும் இத்தகைய இடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க முடியாது. பேரப்பிள்ளைகள் அங்கே கேட்ட கேள்விகளுக்கு அம்மாவே மறுமொழி சொன்னார். நாங்கள் குறுக்கிடவில்லை.

மண்கும்பானின் வெண்மணலையும் பனைகளையும் கடந்து சாட்டிக்குச் சென்றோம். கடலோடிகளின் காவலியாகப் போற்றப்படும் சிந்தாத்திரை அன்னையின் திருத்தலம் அங்கே இருக்கின்றது. கடலுக்குப் போகும் கணவனுக்காகவும், பின்னர் கடல்கடந்து போன பிள்ளைகளுக்காகவும் எத்தனை தாய்மார் அந்த அன்னையிடம் மன்றாடியிருப்பார்கள்! அம்மா அரைமணி நேரம் அங்கே அமர்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அவரவர் வாழும் நாட்டின் பெயரோடு சேர்த்து முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

எல்லைச் சுவரின் மூலையில்

அம்மாவின் ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. 1991 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த பின்னர் அந்த ஊரை அவர் நின்று பார்க்கவில்லை. வளவுகளில் பற்றை மண்டியிருந்தது. கூரையிழந்த வீடுகள் சில நின்றன. ஆனால் கோயில் நன்றாகத் திருத்தப்பட்டிருந்தது. வாசலில் ஐந்து படிகள். நடைவண்டியோடு அவரால் ஏற முடியவில்லை. ஆலயப் பணியாளரான பெரியவர் அதைக் கண்டதும், ஒன்றும் பேசாமல் போய், பெருங்கதவின் இரண்டு சிறகுகளையும் அகலத் திறந்தார். பின்னர் உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து படிக்குக் கீழே நிழலில் வைத்தார். அங்கிருந்தே பீடமும் நற்கருணைப் பேழையும் தெரிந்தன. அம்மா தலையில் சேலைத் தலைப்பை இட்டுக்கொண்டு அமர்ந்தார். எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிச் சென்ற வாசல் அது.

பிறகு சேமக்காலைக்குப் போனோம். அவருடைய தாய் தந்தையரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றினோம். அலுவல் முடிந்தது என்று நாங்கள் திரும்ப முற்பட்டபோது, அவர் எல்லைச் சுவரின் மூலையில் நின்ற ஒரு பூவரசைக் காட்டி, அங்கே கூட்டிக்கொண்டு போகும்படி சொன்னார். அந்த மரத்தடியில் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. புல் மட்டுமே இருந்தது. "உங்கட மூத்தண்ணன் இஞ்சைதான் கிடக்கிறான்" என்றார்.

எங்களுக்கு முன்னர் ஒரு பிள்ளை பிறந்து, மூன்று மாதத்தில் காய்ச்சலால் இறந்தது என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. நாங்கள் கேட்டதுமில்லை. அன்றுதான் அந்தப் பிள்ளையின் திருமுழுக்குப் பெயரை அம்மாவின் வாயிலிருந்து கேட்டோம். நாட்டிய மரச்சிலுவை ஒருகாலத்தில் உக்கிப் போயிற்று என்றும், மரித்த விசுவாசிகளின் நாளில் ஆண்டுதோறும் தாம் வந்து ஒரு திரி கொளுத்தி வந்ததாகவும், இடம்பெயர்ந்த பின்னர் அது நின்றுபோனதாகவும் சொன்னார். காற்றில் மெழுகுதிரி மூன்று முறை அணைந்தது. நாலாம் முறை பேரப்பிள்ளைகள் குடையை விரித்து மறைப்புப் பிடித்தார்கள். திரி நின்று எரிந்தது. அம்மா அழவில்லை. சிறிது நேரம் கழித்து, "சரி, இனி வீட்டை போவம்" என்றார்.

யாக்கோபும் தம் இறுதிக் காலத்தில், எகிப்தில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி, யோசேப்பிடம் இராகேலைப் பற்றிப் பேசுகின்றார். எப்ராத்துக்குப் போகும் வழியில் அவள் இறந்ததையும், வழியோரத்திலேயே அவளைத் தாம் அடக்கம் செய்ததையும் நினைவுகூருகின்றார் (தொடக்க நூல் 48:7). எத்தனையோ ஆண்டுகள் கடந்தும், எத்தனையோ செல்வம் சேர்ந்தும், அந்த முதியவரின் நெஞ்சில் ஒரு வழியோரக் கல்லறை இருந்தது. எமது பெற்றோரின் நெஞ்சிலும் அத்தகைய ஓர் இடம் இருக்கக்கூடும். அதைப் பற்றி நாம் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஓர் "அலுவல்" என்று மட்டும் சொல்வார்கள். முதல் ஆண்டு நாங்கள் நிறுத்தாமல் கடந்து சென்றது அந்த அலுவலையே.

எகிப்துக்குப் போகும் அவசரத்திலும் யாக்கோபின் வண்டிகள் பெயேர்செபாவில் நின்றன. அவருடைய தந்தை ஈசாக்கு முன்னர் பீடம் கட்டிய ஊர் அது. முதியவர் அங்கே தம் தந்தையின் கடவுளுக்குப் பலி செலுத்தினார். அன்று இரவிலே கடவுள் அவரோடு பேசினார் என்றும், அஞ்சாதே என்று தைரியம் கூறினார் என்றும் வாசிக்கின்றோம். வண்டி அங்கே நில்லாமல் போயிருந்தால்?

நினைவு தளர்ந்தவர்களோடு

சில பெற்றோருக்கு நினைவாற்றல் குன்றியிருக்கும். கூட்டிப்போனாலும் நாளைக்கு மறந்துவிடுவார், பயன் என்ன என்று நாம் எண்ணலாம். சீராக்கின் ஞான நூலின் மூன்றாம் அதிகாரம், தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் பொறுமையாய் இருக்கும்படியும், நாம் வலிமையோடு இருக்கின்றோம் என்பதற்காக அவரை இகழாதிருக்கும்படியும் அறிவுறுத்துகின்றது. அத்தகையவர்களுக்கு ஒரேயோர் இடம் போதும். பழைய கோயில் மணியோசையோ, கடற்கரை உப்புக் காற்றோ, சிறுவயதில் படித்த ஞானப்பாடலோ, சொற்களால் எட்ட முடியாத ஆழத்தை எட்டுவதுண்டு. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் முதன்முறை கேட்பதைப் போலவே மறுமொழி சொல்லுங்கள். மாலை மங்குமுன் வீடு திரும்பிவிடுங்கள். இருள் சூழும் வேளையில் அவர்களுக்குக் குழப்பமும் பயமும் கூடும்.

ஊருக்குத் திரும்பிப்போக முடியாதவர்களும், போனாலும் அடையாளம் எஞ்சாதவர்களும் எம்மிடையே உண்டு. அவர்களை மனதுக்கு இசைந்த வேறோர் இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். புனித யோசேவ்வாஸ் அடிகளார் 1687 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து மறைந்திருந்து பணிசெய்த சில்லாலை, மன்னாரில் விசுவாசத்துக்காக 1544 இல் உயிர்கொடுத்த மறைசாட்சிகளின் தோட்டவெளி, மடு அன்னையின் திருச்சுரூபம் முதலில் இருந்த மாந்தை என்று எமது மண்ணில் புனிதமான கிராமங்களுக்குக் குறைவில்லை. மடுத் திருப்பதிக்கே போக விரும்பினால் ஆவணித் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்து, ஒரு சாதாரண கிழமை நாளில் போங்கள். அன்னையின் முன் அமைதியாக அமர்வதற்கு அதுவே ஏற்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஆம் ஆண்டு முதல், ஆடி மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா, பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளாக ஏற்படுத்தினார். கன்னி மரியாளின் பெற்றோரான புனித சுவக்கீன், அன்னம்மாள் ஆகியோரின் திருநாளை அண்டி வரும் ஞாயிறு அது. அந்த ஞாயிறன்று முதியவரோடு அமர்ந்து, எங்கே போக ஆசை என்று கேட்டு வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் புறப்படுவதற்கு நாட்குறிப்பில் ஒரு நாளை இப்போதே ஒதுக்கினால் என்ன? பேரப்பிள்ளைகளும் உடன் வரட்டும். பாட்டி காட்டும் இடங்களையும் சொல்லும் பெயர்களையும் அவர்கள் ஒரு கொப்பியில் எழுதட்டும்.

எங்கள் அம்மா இன்று எம்மோடு இல்லை. பூவரசடியில் இப்போது ஒரு சிறிய சிலுவை நிற்கின்றது. அதில் எங்கள் அண்ணனின் பெயர் இருக்கின்றது. மரித்த விசுவாசிகளின் நாளில் அங்கே திரி கொளுத்துகின்றவர்கள் அன்று குடைபிடித்த பேரப்பிள்ளைகளே. அம்மாவோடு அந்த இரண்டாம் பயணத்தைச் செய்யாதிருந்தால் அந்த இடமும் அந்தப் பெயரும் அவரோடேயே போயிருக்கும்.

செபிப்போம்: எம் முன்னோரின் இறைவா, யாக்கோபின் முதுமையிலே அவரோடு பயணம் செய்தவரே, எம்மைத் தூக்கிச் சுமந்த கைகள் இன்று எம்மை நோக்கி நீளுகின்றன. அக்கைகளைப் பற்றிக்கொண்டு, அவர்கள் விரும்பும் இடத்துக்கு, அவர்களுடைய நடையிலேயே செல்ல எமக்குப் பொறுமை தாரும். வழியெங்கும் எமக்குத் துணையாயிரும். ஆமென்.